மலையகத்தில் விவசாய ஆராய்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்தில் வேலை செய்வோர், சொந்தமாகச் சிறு துண்டு தேயிலை வைத்திருப்போர், நுவரெலியா, வெலிமடைப் பக்கம் மரக்கறி செய்வோர், உயர்தர வகுப்பில் விவசாய விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் ஆராய்ச்சியாளர்களைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. ஓரிடத்தில் விடை சொல்லப்பட்ட செய்தி பின்னர் வேண்டியிருந்தால், அந்த விடையையே சுட்டியிருக்கிறேன்.

எங்கள் ஊருக்கு வருகிற விவசாயப் போதனாசிரியரும் ஆராய்ச்சியாளர்தானா?

இல்லை. ஆராய்ச்சியாளர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு விடை கிடைக்கும்படி பரிசோதனையை வடிவமைத்து, பல பருவங்கள் அளந்து, கண்டதைத் தம் துறையைச் சேர்ந்த பிறர் சரிபார்க்கும்படி எழுதி வெளியிடுகிறார். அந்த முடிவைத் தோட்டத்துக்கும் பாத்திக்கும் கொண்டு வருவது போதனாசிரியரின் பணி. ஆயினும் வழி இருபக்கமும் செல்கிறது: நீங்கள் போதனாசிரியரிடம் காட்டும் இதுவரை காணாத ஓர் இலைப்புள்ளி, அடுத்த ஆராய்ச்சியின் தொடக்கமாக அமையலாம்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் எங்கே நடக்கிறது?

தேயிலைக்குத் தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகம். 1925 இல் தொடங்கப்பட்ட இந்நிறுவகம் சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்குகிறது. பசறை, ஹந்தானை, இரத்தினபுரி போன்ற இடங்களில் அதற்குப் பிராந்திய நிலையங்கள் உள்ளன. மரக்கறி, கிழங்கு, பழம் ஆகியவற்றுக்கு 1912 இல் நிறுவப்பட்ட விவசாயத் திணைக்களம் பொறுப்பு. கன்னொறுவை, சீத்தா எலிய, பண்டாரவளை ஆகிய இடங்களில் அதன் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம், 2005 இல் பதுளையில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், கண்டி ஹந்தானையில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் ஆகியனவும் இத்துறையில் வேலை செய்கின்றன.

பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து தேயிலை போடுகிறோம். படித்தவர் வந்து புதிதாக என்ன சொல்லித் தரப்போகிறார்?

தேயிலைச் செடியைக் குறுக வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எந்தச் சாய்வில் பிடிப்பது, எந்தக் கொழுந்து வளர்ச்சி நின்று வங்கியாகிவிட்டது என்பவற்றை எந்த ஆய்வுகூடமும் உங்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத காரணங்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க அனுபவம் மட்டும் போதாது. இந்த மலைகளில் தேயிலைக்கு முன்னர் கோப்பி இருந்தது. 1869 இல் இலைத்துரு நோய் பதிவானபோது அது சிறிது காலத்தில் தானே அடங்கிவிடும் என்று தோட்டக்காரர் பலர் நம்பினார்கள். 1880 முதல் 1882 வரை இங்கே தங்கி ஆராய்ந்த ஹாரி மார்ஷல் வோர்ட், நோய்க்குக் காரணம் காற்றில் பரவும் ஒரு பூஞ்சணம் என்பதையும், இடைவெளியின்றி ஒரே பயிரை மலை மலையாக நட்டது அதற்குப் பாதை அமைத்துக் கொடுத்தது என்பதையும் காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது, கோப்பி அழிந்தது.

தேயிலையில் நிகழ்ந்த இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. இலைசுருட்டிப் புழுவால் தோட்டங்கள் பாதிக்கப்பட்டபோது, 1935, 1936 ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து மிகச் சிறிய ஓர் ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. கொழுந்து எடுப்போரைக் கூட்டமாகத் தாக்கும் குளவி இனம் வேறு. இது புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிப்பது. புழு அடங்கியது. பின்னர் தண்டு துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற நஞ்சு விசிறப்பட்டபோது அந்தக் குளவியும் மடிந்ததால், அடங்கியிருந்த இலைசுருட்டி மீண்டும் பெருகியது. ஒரு பூச்சிக்கு அடித்த மருந்து இன்னொரு பூச்சியை வளர்த்துவிட்டது என்பதை, இரண்டின் எண்ணிக்கையையும் தொடர்ந்து அளந்து வந்தவர்களால்தான் சொல்ல முடிந்தது.

நிலைபேறான விவசாயம் என்றால் இரசாயனப் பசளையே போடாமல் செய்வதுதானே?

அப்படியொரு கருத்துப் பரவலாக இருக்கிறது, அது சரியன்று. இன்று எடுக்கும் விளைச்சலை, மண்ணையும் நீரையும் அங்கே உழைப்போரின் உடலையும் கெடுக்காமல், பல ஆண்டுகளுக்குப் பின்னரும் எடுக்க முடிகிறதா என்பதே நிலைபேற்றின் அளவுகோல். கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு முறையும் மண்ணிலிருந்து நைதரசன், பொட்டாசியம் முதலியன வெளியேறுகின்றன. வெளியேறியதைத் திருப்பிக் கொடுக்காத தோட்டம், அது சேதனத் தோட்டமாக இருந்தாலும், மண்ணின் மூலதனத்தைத் தின்றுகொண்டிருக்கும் தோட்டமே. அளவுக்கு மேல் கொடுத்தாலும் கேடு. அது ஆற்றுக்குப் போகிறது. ஆகவே எதை, எவ்வளவு, எந்த இடத்தில், எப்போது என்ற கேள்விக்கு அளந்து விடை சொல்வதுதான் ஆராய்ச்சியாளரின் வேலை. கீழே வரும் விடைகள் பலவும் இதையே சார்ந்தவை.

2021 இல் பசளையைத் தடை செய்தது ஆராய்ச்சியாளர் சொல்லித்தானே?

தடை அவ்வாண்டு மே மாதத்தில் வர்த்தமானி மூலம் நடைமுறைக்கு வந்து, நவம்பரில் விலக்கப்பட்டது. பேராதனையின் பேராசிரியர் புத்தி மாரம்பே உட்பட விவசாயத்துறைப் பேராசிரியர் பலர், விளைச்சல் விழும் என்று தொடக்கத்திலேயே வெளிப்படையாக எச்சரித்தார்கள். 2021 இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022 இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோவாகக் குறைந்தது.

அவர்களின் எச்சரிக்கைக்கு அடிப்படையாக இருந்த கணக்கை எவரும் போட்டுப் பார்க்கலாம். யூரியாவில் நைதரசன் 46 சதவீதம். எனவே 100 கிலோ நைதரசனுக்குச் சுமார் 217 கிலோ யூரியா போதும். கூட்டெருவில் உலர் நிறையில் 1.5 சதவீதம் நைதரசன் இருப்பதாகக் கொண்டால், அதே அளவுக்கு ஆறரைத் தொன்னுக்கு மேல் வேண்டும். ஈரத்தோடு நிறுத்தால் இன்னும் கூடும். அந்த நைதரசனும் உடனே கிடைக்காது. நுண்ணுயிர்கள் மெதுவாகச் சிதைத்த பின்னரே வேர் அதை எடுக்கும். மலைச்சரிவில் இத்தனை தொன் எருவைத் தலையிலும் முதுகிலும் சுமக்கப் போகிறவர் யார் என்ற கேள்வியை, கொள்கை வகுத்தவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

அப்படியென்றால் பசளையைக் குறைக்கவே முடியாதா?

முடியும், ஆனால் படிப்படியாக. முதலில் மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். பெறுமானத்தைப் பாருங்கள். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை ஏற்றது. அதற்குக் கீழே போய்விட்ட மண்ணில் போடும் பசளையில் பெரும்பகுதி செடிக்குச் சேராமல் வீணாகும். கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் என்ற சுண்ணக்கல் தூளை இட்டு அதைச் சீராக்க வேண்டும். அடுத்து, ஆண்டுக்கு உரிய அளவை ஒரே தடவையில் கொட்டாமல் பகுதி பகுதியாக இடுவதும், கடும் மழைக்கு முன்னர் இடாமல் தவிர்ப்பதும். இவ்விரண்டையும் செய்யாமல் புதிய பசளை வகையைத் தேடுவது பயனற்றது என்பது என் கருத்து.

இதற்குப் பின்னரே மற்றவை. கிளிரிசிடியா காற்றிலுள்ள நைதரசனை வேர்முடிச்சுகளில் நிலைநிறுத்தும் மரம், சமவுயரக் கோட்டில் வேலியாக நட்டு, கிளைகளை வெட்டித் தேயிலையடியில் பரப்பினால் எருவாகவும் மூடாக்காகவும் பயன்படும், மண்ணரிப்பையும் தடுக்கும். ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் காமினி செனவிரத்னவும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய உயிர்ப்படலப் பசளை, பூஞ்சணத்தையும் பற்றீரியாவையும் ஒன்றாக வளர்த்துச் செய்யப்படுவது. இரசாயனப் பசளையின் ஒரு பகுதியைக் குறைத்து அதனுடன் சேர்த்துப் பயன்படுத்துவதே அதன் முறை. பசளையை முழுதாக நிறுத்திவிட்டு அதை மட்டும் இடுபவர்கள், ஆய்வு சொல்லாத ஒன்றைச் செய்கிறார்கள்.

கவ்வாத்து மிலாறை மலையிலேயே விட வேண்டும் என்கிறார்கள். அடுப்புக்கு நாங்கள் எங்கே போவது?

மிலாறையும் (கவ்வாத்தில் வெட்டிய கிளைகளையும்) கவ்வாத்து இலையையும் மலையிலேயே விட்டால், ஒரு கவ்வாத்துச் சுற்றில் செடி சேர்த்துவைத்த போசணையில் கணிசமான பங்கு மண்ணுக்குத் திரும்புகிறது; வெட்டவெளியாகிவிட்ட மண்ணை மழையடியிலிருந்து அது காக்கவும் செய்கிறது. இதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் லயத்தில் சமையல் எரிவாயுவுக்கு வழியில்லாத குடும்பத்திடம் மிலாறை எடுக்காதே என்று மட்டும் சொல்வது நீதியாகாது. நடுவே ஒரு வழி உண்டு: இலையும் மெல்லிய குச்சிகளும் மலையில் தங்கட்டும், தடித்த கம்பை மட்டும் விறகுக்கு எடுக்கலாம். போசணையில் பெரும்பங்கு இலையிலும் இளந்தண்டிலும்தான் இருக்கிறது. தோட்ட நிருவாகம் விறகுக்கென்று தனியாக மரம் வளர்த்துக் கொடுக்குமானால், மண்ணைக் காக்கும் செலவாகவே அதைக் கணக்கிடலாம்.

லீக்ஸ், கரட், கிழங்கு போடுகிறோம். மண்ணைச் சோதித்துவிட்டுப் பொஸ்பரஸ் வேண்டாம் என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம். நைதரசன் மழையோடு கரைந்து போகும். பொஸ்பரஸ் மண்துணிக்கைகளைப் பற்றிக்கொண்டு தங்கும். ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் எடுக்கும் பாத்திகளில் ஒவ்வொரு போகத்துக்கும் மும்மைச் சுப்பர் பொஸ்பேற்றும் கோழியெருவும் சேர்ந்து இடப்பட்டு வந்திருப்பதால், நுவரெலியா மாவட்டத்தின் மரக்கறி நிலங்கள் பலவற்றில் பயிருக்கு வேண்டியதைவிட அதிகமான பொஸ்பரஸ் திரண்டிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கோழியெருவிலும் பொஸ்பரஸ் நிறைய உண்டு என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. சரிவில் அரிபடும் மண்ணோடு அது ஓடைகளுக்குப் போய், குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் பாசி பெருகக் காரணமாகிறது. மகாவலிக்கு நீர் தருகிற ஓடைகள் பல இந்தப் பாத்திகளின் ஓரமாகத்தான் இறங்குகின்றன.

ஒரு போகம் முழுப் பாத்தியிலும் நிறுத்தத் தயக்கமாக இருந்தால், பாதிப் பாத்தியில் நிறுத்திப் பாருங்கள். சில போகங்களுக்குப் பின்னர் மண்ணை மீண்டும் சோதிக்க வேண்டும். வேண்டாம் என்ற அறிவுரை எந்நாளைக்குமானதன்று.

மண் மாதிரியை எப்படி எடுப்பது?

அண்மையில் பசளை இட்ட இடம், எருக்குழி ஓரம், கான் ஓரம் ஆகியவற்றைத் தவிர்த்து, நிலத்தில் வளைந்து வளைந்து நடந்து பல இடங்களில் 15 சென்டிமீற்றர் ஆழம் வரை மண் எடுங்கள். எல்லாவற்றையும் சுத்தமான வாளியில் கலந்து, கல்லையும் வேரையும் நீக்கி, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவு பையில் இட்டுப் பெயரும் இடமும் எழுதிக் கொடுங்கள். மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அவற்றைத் தனி மாதிரிகளாகவே கொடுக்க வேண்டும்.

மருந்து அடிப்பதைக் குறைத்தால் கொப்புள நோய் பிடித்துக்கொள்ளாதா?

தேயிலையின் இளம் இலையைத் தாக்கும் பூஞ்சண நோயான கொப்புள நோய் 1946 இல் இலங்கைக்கு வந்தது. நாட்காட்டியைப் பார்த்துக் குறித்த நாளில் செம்பு மருந்து அடிப்பதே தொடக்கத்தில் வழக்கமாக இருந்தது. வெயில் எத்தனை மணி நேரம் அடித்தது, மழை எவ்வளவு பெய்தது என்பவற்றுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை விசர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகிய மூவரும் ஆராய்ந்து 1961 இல் வெளியிட்டார்கள். இளம் இலையில் விழுந்த பூஞ்சண வித்து முளைக்க ஈரம் வேண்டும். தொடர்ந்து சில நாள் நல்ல வெயில் அடித்தால் அது பிழைப்பதில்லை. ஆகவே வெயில் நாட்களில் மருந்தைத் தவிர்த்து, மப்பும் மூடுபனியும் தொடரும் நாட்களில் அடிப்பது பாதுகாப்பானது. நிழல் மரங்களை மழைக்காலத்துக்கு முன்னர் கழிப்பதும், கொழுந்துச் சுற்றை நீளவிடாமல் எடுப்பதும் மருந்தில்லாமலே நோயைக் குறைக்கும். கவ்வாத்துக்குப் பின்னர் துளிர்க்கும் இளம் மலைக்கு மாத்திரம் இந்தச் சலுகை குறைவு. அங்கே கவனம் கூட வேண்டும்.

புல்லைச் சுரண்டியால் சுரண்டுவது மருந்தைவிட நல்லதுதானே?

சரிவில் அப்படியில்லை. சுரண்டி புல்லோடு மேல்மண்ணையும் தளர்த்திவிடுகிறது. அடுத்த மழை அதைக் கானுக்குக் கொண்டு போகிறது. 2015 இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்ட இடைக்காலத்தில், மாற்று வழி ஆயத்தமாக இல்லாததால் சுரண்டலும் வேறு களைகொல்லிகளும் கூடின. அவற்றில் ஒன்றின் எச்சம் ஜப்பானுக்கு அனுப்பிய தேயிலையில் சிக்கலை உண்டாக்கியது. புல்லை அடியோடு வெட்டி அங்கேயே பரப்புவது, வெற்றிடங்களை நிரப்பிச் செடிகளின் மேற்பரப்பை மூடச் செய்வது, மூடாக்கு இடுவது ஆகியன சேர்ந்தால் களை தானாகவே குறையும். செடி நெருக்கமாக மூடிய மலையில் புல்லுக்கு வெளிச்சமே கிடைப்பதில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் நன்றாக வந்தது எங்கள் மலையில் வரவில்லை. அப்படியென்றால் ஆராய்ச்சி பொய்யா?

இலங்கையின் காலநிலை, மண், நில அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு நாடு 46 விவசாயச் சூழல் பிரதேசங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சிறிய பரப்பான மலையகத்துக்குள்ளேயே அவற்றில் பல அடங்குகின்றன. டிக்கோயாவில் தென்மேற்குப் பருவ மழை கொட்டும் யூலையில், ஊவாச் சரிவுகளில் வரண்ட கச்சான் காற்று வீசுகிறது. ஒரே தோட்டத்திலும் மேட்டிலிருந்து அரிபட்ட மண் பள்ளத்தில் சேர்வதால் இரண்டும் ஒரே மண்ணல்ல. ஆகவே எந்தப் பரிந்துரையையும், இது எந்த உயரத்தில், எந்த வகைத் தேயிலையில், கவ்வாத்து வெட்டி எத்தனையாவது ஆண்டில் சோதிக்கப்பட்டது என்று கேட்டே ஏற்க வேண்டும்.

நீங்களே சோதிக்கலாம். ஒரே வகை, ஒரே கவ்வாத்து ஆண்டு, ஒரே உயரம் உள்ள இடத்தில் அடுத்தடுத்த இரண்டு துண்டுகளை இணையாகக் குறித்துக்கொள்ளுங்கள். அத்தகைய இணைகள் குறைந்தது மூன்று வேண்டும். ஒவ்வோர் இணையிலும் எந்தத் துண்டுக்குப் புதிய முறை என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானியுங்கள். நல்ல துண்டையே புதிய முறைக்குக் கொடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், சீட்டு அதைத் தடுக்கும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கொழுந்தை நிறுத்து எழுதிக்கொண்டே வந்து, மழைக்காலமும் வரட்சியும் அடங்கிய முழு ஆண்டுக்குப் பின்னர் ஒப்பிடுங்கள். மூன்று இணைகளிலும் ஒரே பக்கம் சாய்ந்தால் அதில் பொருள் இருக்கிறது. ஒன்றில் மட்டும் கூடினால் அது மண்ணின் வேறுபாடாக இருக்கலாம்.

வெயில் கூடிக்கொண்டே போகிறது. இனி மலையில் தேயிலை நிற்குமா?

தேயிலைக்கு ஏறத்தாழ 22 பாகை செல்சியஸ் சராசரி வெப்பம் மிகவும் ஏற்றது என்று தலவாக்கலை ஆய்வுகள் காட்டுகின்றன. 1200 மீற்றருக்கு மேற்பட்ட மலைகள் பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பதால், வெப்பம் சிறிது ஏறுவதன் பாதிப்பு அங்கே முதலில் தெரியாது. தாழ்ந்த, இடைப்பட்ட உயரங்களும் ஊவாவும்தான் முன்னரே அடிபடும். மேல்மலையில் அஞ்ச வேண்டியது வெப்பத்தைவிட மழை மாறிப் பெய்வதை: நீண்ட வரட்சியும், அதன் பின்னர் ஒரே நாளில் கொட்டும் மழையும்.

பழைய விதைத் தேயிலையின் ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் அது வரட்சியைத் தாங்கும். தவறணையில் (நாற்றுமேடையில்) தண்டு வெட்டி வளர்த்த கன்றுகளின் வேர் அவ்வளவு ஆழம் போவதில்லை, ஆனால் விளைச்சல் மிகக் கூட. இரண்டையும் இணைக்கும் வகைகளைத் தேடுவது நீண்ட வேலை. ஒரு புதிய தேயிலை வகையைத் தெரிந்து, சோதித்து, வெளியிட இருபது ஆண்டுகளுக்கு மேல் செல்லும். மீள்நடுகைக்கு முன்னர் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணுக்குச் சேதனப் பொருளை ஏற்றுவதும், நிழல் மரங்களைப் பேணுவதும் இன்றே செய்யக்கூடியவை. மீள்நடுகைச் செலவை மிச்சப்படுத்த அந்தப் புல்லுக்காலத்தைச் சுருக்குவோர், வரட்சியில் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

இதிலெல்லாம் எங்கள் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா? எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில்தானே?

இருந்திருக்கிறார்கள். கொப்புள நோய் பற்றிய விடையில் இரண்டு பெயர்களைக் கண்டீர்கள். 1986 இல் தலவாக்கலை வெளியிட்ட தேயிலைக் கைநூலைத் தொகுத்தவர்கள் சிவபாலன், குலசேகரம், கதிரவேற்பிள்ளை ஆகியோர். அவர்களில் சிவபாலன் அந்நிறுவகத்தின் பணிப்பாளராகவும் இருந்தவர். ஆனால் அந்த மலைகளில் கொழுந்தெடுத்த குடும்பங்களிலிருந்து ஆராய்ச்சிக்குச் சென்றோர் மிகக் குறைவு. உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாத பாடசாலைகளே தோட்டப் பகுதிகளில் நெடுங்காலம் இருந்ததும், பல்கலைக்கழகத்தில் இத்துறை ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுவதும் அதற்குக் காரணங்கள். பரிந்துரைச் சுற்றறிக்கைகள் சிங்களத்தில் கிடைக்கும் அதே நாளில் தமிழிலும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது உரிமை. அதைப் போதனாசிரியரிடமும் நிறுவகத்திடமும் எழுத்தில் கேளுங்கள்.

எங்களுக்குக் காணியே இல்லை. இந்த ஆராய்ச்சியால் தொழிலாளிக்கு என்ன இலாபம்?

இது நியாயமான கேள்வி. 1925 இல் தேயிலை ஆராய்ச்சி தொடங்கியது ஏற்றுமதித் தேயிலை மீது அறவிடப்பட்ட செஸ் என்ற வரிப் பணத்தில். அந்தத் தேயிலையைப் பறித்தவர்களுக்கு அதன் பயனில் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். விளைச்சல் கூடினாலும் சம்பளம் தானாகக் கூடிவிடாது என்பதும் உண்மை. அது பேச்சுவார்த்தையிலும் சட்டத்திலும் தீர்வது.

தொழிலாளியின் உடலைக் காத்த ஆராய்ச்சி ஒன்றைச் சொல்ல முடியும். நஞ்சருந்தி இறப்போரைப் பற்றிப் பேராதனை மருத்துவ ஆய்வாளர் முதலானோர் திரட்டிய சான்றுகளின் துணையோடு, 1995 முதல் மிகக் கொடிய பூச்சிகொல்லிகளும், 2008 இலிருந்து 2011 வரை படிப்படியாகப் பராகுவாட்டும் நீக்கப்பட்டன. இறப்புகள் பெருமளவு குறைந்தன. முந்திய தடைகளின் பின்னர் நாட்டின் பயிர் விளைச்சல் விழவில்லை என்பதும் ஆய்ந்து காட்டப்பட்டது. இதுவும் தடைதான்; ஆனால் எந்த நஞ்சு, எவ்வளவு கேடு, அதற்கு மாற்று என்ன என்று பார்த்துப் படிப்படியாகச் செய்த தடை. 2021 பற்றிய விடையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பசளைக் கம்பனி காசு கொடுத்துச் செய்த ஆராய்ச்சியை நம்பலாமா?

காசு எங்கிருந்து வந்தது என்பது மட்டும் ஒரு முடிவைப் பொய்யாக்கிவிடாது. ஆனால் அது மறைக்கப்பட்டிருந்தால் ஐயப்பட வேண்டும். எதனோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். பசளையே இடாத செடியோடு ஒப்பிட்டால் எந்தப் பசளையும் வெல்லும். தலவாக்கலையின் இன்றைய பரிந்துரையோடு ஒப்பிட்டதா என்பதே கேள்வி. எத்தனை இடங்களில், எத்தனை ஆண்டுகள் செய்தார்கள், அந்தக் கம்பனியோடு தொடர்பில்லாத ஒரு நிறுவகம் அதை மீண்டும் செய்து பார்த்ததா என்பவை அடுத்தவை.

இலையில் தெளிக்கும் திரவங்களை விற்போரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். வரட்சியில் வாடிய செடி வெறும் நீர் தெளித்தாலும் நிமிரும். அவர்கள் காட்டும் செடிக்குப் பக்கத்தில், அதே அளவு வெறும் நீர் தெளித்த செடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பக்கத்துத் தோட்டம் பற்றிய விடையில் சொன்ன இணைத்துண்டு முறையில் ஒரு பக்கம் திரவமும் மறுபக்கம் நீரும் தெளித்து, நிறுத்து எழுதிய பின்னர் வாங்குவதா என்று முடிவு செய்யலாம்.